இரக்கத்திற்கு விலை கொடுத்தவர் யார்?
‘கோயிங் மை வே’ திரைப்படமும் கண்டோர் கருத்துகளும்: ஒரு திறனாய்வு

திரைப்படத் திறனாய்வுக்கு இறையியல் இதழில் இடம் உண்டோ என ஐயுறுவோர் இன்றும் நம்மிடையே உளர். படக்கொட்டகைக்குச் செல்வதே விசுவாசிக்குத் தகாத செயல் என்று போதித்த சபைகளில் வளர்ந்தவர்கள் நம்முள் பலர். எனினும் குருவானவர் என்பவர் யார், அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பன பற்றிச் சபைமக்கள் கொண்டுள்ள எண்ணங்கள் யாவும் பிரசங்க பீடத்திலிருந்தே வந்தவை அல்ல. அவற்றுள் கணிசமான பகுதி திரையிலிருந்து வந்தது. ஆதலின் குருவானவர்களைக் குறித்து எடுக்கப்பட்ட படங்களுள் பெரும்புகழ் எய்திய ஒன்றையும், அதைக் கண்டோர் கூறிய கருத்துகளையும் ஆராய்வது நம் பணிக்குப் புறம்பானதாகாது.

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஆயர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அமெரிக்க நாட்டுப் படமாகிய ‘கோயிங் மை வே’யைக் கூடியிருந்து கண்டோம். பணியிலிருக்கும் ஆயர்கள், ஓய்வுபெற்ற முதிய ஆயர் ஒருவர், இறையியல் மாணவர் சிலர், பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த தாய்மார், பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் சபையார் எனப் பலதரத்தினர் இருந்தனர். படத்தின் பேச்சு ஆங்கிலம். ஆகவே எம்முள் ஒருவர் இடையிடையே படத்தை நிறுத்தித் தமிழில் விளக்கினார். படம் முடிந்தபின் எழுந்த உரையாடல் நள்ளிரவைத் தாண்டியது. அன்று கேட்ட கருத்துகளே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். பேசியோரின் பெயர்களை இங்குக் குறிப்பிடவில்லை.

1. படமும் அதன் காலமும்

‘கோயிங் மை வே’ 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கில் வெளியாயிற்று. இயக்கியவர் லியோ மெக்கேரி. இளைய குருவானவர் ஓமாலியாக அக்காலத்தின் புகழ்மிக்க பாடகர் பிங் கிராஸ்பியும், முதிய குருவானவர் ஃபிட்ஸ்கிப்பனாக அயர்லாந்து நடிகர் பாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் நடித்தனர். அவ்வாண்டு அமெரிக்காவில் மிகுந்த வசூலைப் பெற்ற படம் இதுவே. 1945 மார்ச் 15 அன்று நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த படம், இயக்கம், நடிப்பு, பாடல் உள்ளிட்ட ஏழு விருதுகள் இதற்குக் கிடைத்தன. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அந்நாளில் விருதுச் சிலைகள் சாந்தினால் செய்யப்பட்டன என்பது காலத்தின் நிலையைக் காட்டும் ஒரு சிறு செய்தி.

கதை எளியது. நியூயார்க் நகரில் ஏழைகள் வாழும் பகுதியில் புனித தோமினிக் ஆலயம் உள்ளது. அதைக் கட்டி, நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி முதுமையடைந்தவர் ஃபிட்ஸ்கிப்பன். ஆலயம் அடமானத்தில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் கழுத்தை நெரிக்கிறார். இந்நிலையில் பேராயர், ஓமாலி என்னும் இளைஞரை உதவிக் குருவானவர் என்ற பெயரில் அனுப்புகிறார். உண்மையில் பொறுப்பு முழுவதும் இளையவரிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. முதியவருக்கு அது தெரியாது. இளையவரும் சொல்வதில்லை.

ஓமாலி தெருவில் திரிந்து வான்கோழி திருடும் சிறுவர்களைத் திரட்டிப் பாடகர் குழுவாக்குகிறார். வீட்டை விட்டு வந்த இளம்பெண்ணுக்கு வழிகாட்டுகிறார். தாம் இயற்றிய பாடலை விற்று ஆலயக் கடனைத் தீர்க்க முயல்கிறார். அவர் பெரிதும் மதித்த பாடல் விலைபோகவில்லை. விலங்குகளைக் காட்டிச் சிறுவர்க்குப் புத்தி சொல்லும் வேடிக்கைப் பாடல்தான் விலைபோகிறது. அப்பணம் ஆலயத்தின் காணிக்கைத் தட்டில் மறைவாக இடப்படுகிறது. தம் பிரசங்கத்தின் வல்லமையால் வந்த காணிக்கை என்று முதியவர் மகிழ்கிறார். பின்னர் ஆலயம் தீக்கிரையாகிறது. மீண்டும் கட்டும் பணி தொடங்குகிறது. ஓமாலி வேறிடத்திற்கு மாற்றப்படுகிறார். கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில், நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் காணாத தாயை, தொண்ணூறு வயதைக் கடந்த அம்மூதாட்டியை, அயர்லாந்திலிருந்து வரவழைத்து முதியவர் முன் நிறுத்துகிறார். சிறுவர்கள் தாலாட்டுப் பாட, தாயும் மகனும் தழுவி நிற்க, ஓமாலி எவரிடமும் விடைபெறாமல் பனியில் நடந்து மறைகிறார்.

2. கண்டோர் கருத்துகள்

எம்முடன் படம் கண்டோரின் கருத்துகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது கருத்து, இஃது உணர்ச்சியைப் பிழிந்தெடுக்கும் படமேயன்றி வேறில்லை என்பது. இறையியல் மாணவர் பலரும் இவ்வாறு கூறினர். பாவம் இல்லை, மனந்திரும்புதல் இல்லை, சிலுவை இல்லை. சர்க்கரைப் பாகில் ஊறவைத்த சமயம் என்றார் ஒருவர்.

இரண்டாவது கருத்து, தாய்மாருடையது. அவர்கள் இறுதிக் காட்சியில் அழுதனர். அழுததற்காக அவர்கள் வெட்கப்படவில்லை.

மூன்றாவது கருத்து, சபையார் சிலருடையது. குருவானவரைச் சிரிப்புக்கு இடமாக்கலாமா என்று அவர்கள் வினவினர். முதியவர் தடுமாறுவதும், சதுரங்கப் பலகைமுன் முணுமுணுப்பதும், திருட்டு வான்கோழியென அறியாமல் உண்பதும் அவர்களுக்கு உறுத்தலாயிருந்தன.

நான்காவது கருத்து ஒருவருடையது மட்டுமே. அது ஓய்வுபெற்ற ஆயரின் கருத்து. அதைக் கட்டுரையின் இறுதிக்கு நிறுத்திவைக்கிறோம். ஏனெனில் மற்ற மூன்றையும் அது மாற்றிவிட்டது.

3. கண்ணீர் குற்றமா?

உணர்ச்சிப் பெருக்கு என்னும் குற்றச்சாட்டை முதலில் ஆராய்வோம். இப்படத்தில் போர் ஏறத்தாழ இல்லை. கடன்காரரின் மகன் படைவீரர் உடையில் தோன்றும் சிறுபகுதி ஒன்றே போரை நினைவூட்டுகிறது. ஆனால் 1944 மே மாதத்தில் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் யாவர்? கடல் கடந்து போரிடச் சென்ற மக்களின் தாய்மார். நார்மண்டிக் கரையில் படைகள் இறங்குவதற்கு ஒரு மாதமே இருந்தது. தம் மகனை மீண்டும் காண்போமா என்று அறியாதோர் முன்னிலையில், நெடுங்காலம் பிரிந்த தாயும் மகனும் சந்திக்கும் காட்சி வைக்கப்படுகிறது. மகன் திரும்பி வரும் காட்சியைக் காட்டியிருந்தால் அது பொய்யான வாக்குறுதியாயிருக்கும். ஆகவே தாயே கடல் கடந்து மகனிடம் வருகிறாள். சொல்லப்படாத போர் அந்தத் தழுவலில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அதே 1944ஆம் ஆண்டின் தீபாவளிக்கு நம் நாட்டில் ‘ஹரிதாஸ்’ வெளிவந்ததை இங்கு நினைவுகூர்வது தகும். கிராஸ்பியைப்போலவே பாடலால் மக்களைக் கட்டிப்போட்ட எம். கே. தியாகராஜ பாகவதர் அதன் நாயகர். பெற்றோரை அவமதித்த மகன் கால்களை இழந்து, மனந்திரும்பி, பெற்றோர் தொண்டில் அவற்றை மீண்டும் பெறுவது அதன் கதை. சென்னை பிராட்வே அரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. சமயமும் பண்பாடும் வேறான இரு நாடுகளில், ஒரே போர்க்காலத்தில், பாடும் நாயகனையும் பெற்றோரைச் சேரும் மகனையும் மக்கள் திரும்பத் திரும்பச் சென்று கண்டனர். இதை மலிவான சுவை என்று தள்ளிவிடுவது எளிது. அம்மக்கள் எதற்குப் பசித்திருந்தனர் என்று கேட்பதே ஆயருக்கு அழகு.

குன்னத்தில் அழுத தாயொருத்தி கூறியது இது: “என் மகன் துபாய்க்குப் போய் ஆறு வருசம் ஆச்சு ஐயா. போனில் முகம் தெரியுது. கையில தொட முடியலியே.” குன்னம் வட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் பலர். அத்தாய்க்கு அப்படம் பழம்படமன்று. மாணவர்கள் சர்க்கரை என்று கண்டதை அவர் உப்பாகச் சுவைத்தார். கண்ணீரை வரவழைப்பதனாலேயே ஒரு கலைப்படைப்புப் பொய்யாகிவிடாது. அது எதை மறைத்துக் கண்ணீரை வரவழைக்கிறது என்பதே வினா.

ஆயினும் இரு படங்களுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஹரிதாஸ் தன் குற்றத்தின் விலையைத் தன் உடலில் செலுத்துகிறான். ஓமாலியோ எதையும் இழப்பதில்லை. சிறுவர்கள் திருந்துகின்றனர், கடன் தீர்கிறது, கடன்காரரின் குடும்பமும் இளகுகிறது. எல்லாம் ஒரு பாட்டிலும் ஒரு புன்னகையிலும் நடந்தேறுகின்றன. மாணவர்களின் முறையீட்டில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

4. குருவானவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அக்காலத்தில் அமெரிக்கப் படங்களை ஆண்டுவந்த ஒழுக்க விதிமுறை, சமயப் பணியாளரைக் கோமாளியாகவோ கொடியவராகவோ காட்டலாகாது என்று விதித்திருந்தது. 1930இல் அதை வரைந்தவருள் ஒருவர் தானியேல் லார்ட் என்னும் இயேசு சபைக் குரு. மெக்கேரி அவ்விதியை மீறாமலே சிரிக்க வைக்கிறார். நாம் ஃபிட்ஸ்கிப்பனின் குருத்துவத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவரது முதுமையைக் கண்டு புன்னகைக்கிறோம். 

நம் பகுதியினர்க்கு இதில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. குன்னத்திலிருந்து அரியலூர் வழியாகத் தெற்கே சென்றால், கொள்ளிடக் கரையை அடுத்து ஏலாக்குறிச்சி உள்ளது. அங்கே பணியாற்றிய மற்றோர் இயேசு சபைக் குருவே வீரமாமுனிவர். ‘பரமார்த்த குருவின் கதை’ வழியாகத் தமிழ் உரைநடைக்குச் சிரிப்பைக் கொடையாகத் தந்தவர் அவர். மூடச் சீடர் ஐவரும் அவர்தம் குருவும் இன்றும் நம் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கின்றனர். தரங்கம்பாடி லுத்தரன் அருட்பணியாளரோடு அவர் நடத்திய கடுமையான எழுத்துப் போரை நம் மரபு மறந்ததில்லை. எனினும் தமிழுக்கு அவர் தந்ததை மறப்பதும் நன்றன்று.

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பரமார்த்த குரு நம் பீடத்தில் நிற்பவர் அல்லர். பிறருடைய குருவைப் பார்த்துச் சிரிப்பது எளிது. தம் சபையின் குருவை, அதுவும் அன்போடு, நகைப்புக்குரியவராகக் காண்பது அரிது. மெக்கேரி கத்தோலிக்கர், கிராஸ்பி கத்தோலிக்கர். முதிய கத்தோலிக்கக் குருவாக உலகமே நம்பிய பாரி ஃபிட்ஸ்ஜெரால்டோ டப்ளின் நகரத்துப் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு புராட்டஸ்டண்டு நடிகர் கத்தோலிக்கக் குருவானவரின் தள்ளாமையை இத்துணைப் பரிவோடு உருவாக்கினார் என்பது, இரு சபையாரும் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. அச்சிரிப்பில் இழிவு இல்லை. மூன்றாம் கருத்தினருக்கு நம் விடை இதுவே.

5. மற்றொரு குருவானவர், மற்றும் சில சிறுவர்கள்

இரக்கத்தின் விலையைப் பற்றிச் சற்று முன் தொடங்கினோம். அதை விளங்கிக்கொள்ள அதே போர்க்காலத்தின் மற்றொரு படத்தை அருகில் வைத்துக் காண்பது உதவும். ரொபேர்த்தோ ரோசெல்லினி இத்தாலியில் எடுத்து 1945இல் வெளியிட்ட ‘ரோம், திறந்த நகரம்’ அது. அதிலும் ஒரு குருவானவர் உண்டு. தோன் பியெத்ரோ என்பது பெயர். ஓமாலி சிறுவர்களின் பந்தாட்டத்தில் கலந்துகொண்டே தம் புதிய இடத்தில் அடியெடுத்து வைக்கிறார். தோன் பியெத்ரோவும் சிறுவர்களோடு பந்தாடும்போதே நமக்கு அறிமுகமாகிறார். இருவரும் சிறுவர்களின் நண்பர்கள். ஆனால் தோன் பியெத்ரோ நாசிகளுக்கு எதிராகப் போராடுவோருக்கு உதவியதற்காக நாற்காலியில் கட்டப்பட்டுச் சுடப்படுகிறார். சிறுவர்கள் வேலிக்கு அப்பால் நின்று, தாம் அங்கிருப்பதை அவருக்கு அறிவிக்கச் சீழ்க்கை ஒலிக்கின்றனர். பின் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நகரத்தை நோக்கி இறங்கிச் செல்கின்றனர்.

இது கற்பனை மட்டுமன்று. 1944 மார்ச் 24 அன்று ஆர்தியாத்தீன் குகைகளில் கொல்லப்பட்டோருள் பியெத்ரோ பப்பகாலோ என்னும் குரு ஒருவர். அவருக்குப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 3 அன்று, ஜுசெப்பே மொரோசினி என்னும் குரு சுட்டுக் கொல்லப்பட்டார். ரோசெல்லினியின் குருவானவர் இவர்களை நினைவில் வைத்து உருவாக்கப்பட்டவர். அடுத்த மாதமே நியூயார்க்கில் பிங் கிராஸ்பி குருவானவர் உடையில் பியானோ முன் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். ஒரே காலம், ஒரே திருச்சபை, இரண்டு குருத்துவங்கள். ஒன்றில் சிறுவர்களுக்குப் பாட்டுக் கிடைத்தது. மற்றொன்றில் அவர்கள் சீழ்க்கையைக் கொடுத்தார்கள்.

நம் மரபைச் சார்ந்த தீத்ரிக் போன்ஹோஃபர், விலை கொடாத கிருபையைக் குறித்து 1937இலேயே திருச்சபையை எச்சரித்திருந்தார். ஆஸ்கார் விருதுகள் வழங்கப்பட்டு ஒரு மாதம் நிறைவதற்குள், 1945 ஏப்ரல் 9 அன்று, அவர் ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அளவுகோலைக்கொண்டு அளந்தால் ‘கோயிங் மை வே’ தேறுமா? பாடலால் கடன் தீரும் உலகத்தில் சிலுவைக்கு என்ன வேலை?

தமிழ்த் திரையிலும் விலை கொடுக்கும் குருவானவரைக் கண்டிருக்கிறோம். மணிரத்னம் இயக்கி 2013இல் வெளியான ‘கடல்’ படத்தில் அரவிந்த்சாமி ஏற்ற சாம் பாதிரியார், கடற்கரைச் சிற்றூரில் அநாதைச் சிறுவனை அரவணைக்கிறார். பழி சுமத்தப்பட்டு, தாம் நேசித்த மக்களாலேயே அடித்துத் துரத்தப்பட்டு, சிறைக்குச் செல்கிறார். அப்படம் வணிகத்தில் தோல்வியுற்றது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும் மக்கள் பாடும் குருவானவரை விரும்பிய அளவுக்குப் பாடுபடும் குருவானவரை விரும்புவதில்லையோ என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. அவ்விருப்பம் திரையோடு நின்றுவிட்டால் கவலையில்லை. சபைகளும் அவ்வாறே விரும்பத் தொடங்கினால், நாமும் அதற்கேற்பப் புன்னகைக்கக் கற்றுக்கொண்டால், அப்போது ஆபத்து நம் பீடத்திற்கு வந்துவிடுகிறது.

6. நாயகர் யார்?

இவ்வளவில் நம் தீர்ப்பை எழுதி முடித்திருப்போம். முதிய ஆயர் பேசியிராவிட்டால் அவ்வாறே செய்திருப்போம்.

நெடுநேரம் அமைதியாக இருந்த அவர் சொன்னது இவ்வளவே: “நீங்கள் எல்லாரும் இளையவரையே பார்த்தீர்கள். படம் அந்தக் கிழவரைப் பற்றியது. காணிக்கைத் தட்டில் பணத்தைப் போட்டுவிட்டு, உன் பிரசங்கத்தால் வந்தது என்று நம்ப வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் குழந்தையா?”

அச்சொற்களுக்குப்பின் படத்தை மீண்டும் மனத்தில் ஓட்டிப் பார்த்தோம். அவர் கூறியது சரியே என்பது தெளிவாயிற்று. விருதுக் குழுவினருக்கே இதில் மயக்கம் இருந்திருக்கிறது. இப்படத்தின் ஒரே வேடத்துக்காக ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயர் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் ஆகிய இரு விருதுகளுக்கும் முன்மொழியப்பட்டது. துணை நடிகர் விருது அவருக்கும், நடிகர் விருது கிராஸ்பிக்கும் சென்றன. இனி அவ்வாறு நேரலாகாதென்று பின்னர் விதியையே மாற்றினர். நாயகர் யார் என்னும் வினா படத்தோடேயே பிறந்தது.

முதியவர் தம் தாயை நாற்பத்தைந்து ஆண்டுகள் காணாததற்குக் காரணம் படத்திலேயே சொல்லப்படுகிறது. பயணத்துக்கென்று சிறிது பணம் சேரும்போதெல்லாம், தம்மைவிடத் தேவையுள்ள ஒருவர் வந்து நின்றார் என்கிறார் அவர். அது சொல்லிக்காட்டுவதாக இல்லை, போகிற போக்கில் சொல்லப்படுகிறது. காண்போர் பெரும்பாலும் அதைத் தவறவிடுவர். தவறவிடாதோர்க்கு, மாணவர்கள் காணவில்லை என்ற விலை அங்கே செலுத்தப்பட்டிருப்பது தெரியும். நாற்பத்தைந்து ஆண்டுகள், தவணை தவணையாக, எவரும் அறியாமல் செலுத்தப்பட்ட விலை அது. ஓமாலி இறுதியில் தாயை அழைத்துவருவது கொடையன்று, பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துவதேயாகும்.

அப்படிப்பட்டவருக்குத் திருச்சபை செய்தது என்ன? அவருக்குத் தெரியாமல் அவர் இடத்திற்கு மற்றொருவரை அனுப்பிற்று. இளையவரின் போக்குப் பிடிக்காமல், அவரை மாற்றும்படி கேட்கப் பேராயரிடம் முதியவரே செல்கிறார். அங்கேதான் தாம் முன்னரே மாற்றப்பட்டுவிட்டதை உணர்கிறார். படத்தின் மிகக் கூர்மையான இடம் அதுவே. அன்பினால் மறைத்தனர் என்பது உண்மை. ஆனால் மறைத்ததனால் வலி குறையவில்லை. நாள் கடந்து, தனிமையில், இரட்டிப்பாக வந்து சேர்ந்தது. அன்றிரவு அவர் மழையில் வீட்டை விட்டுப் போய்விடுகிறார். நனைந்து நடுங்குபவரைக் காவலர் திரும்ப அழைத்து வருகிறார். இளையவர் அவரைப் படுக்க வைத்துத் தாலாட்டுப் பாடுகிறார்.

அத்தாலாட்டைக் கேட்டு நாமும் உருகினோம். முதிய ஆயரின் வினாவுக்குப் பின்னரோ அதில் இரு பொருள்களைக் காண்கிறோம். முதுமையில் தாயின் குரலை மீண்டும் கேட்பது ஆறுதல்தான். ஆயின் தாலாட்டு குழந்தைக்குரியது. உண்மையைத் தாங்கும் வலிமை அற்றவராக அவரை எண்ணியதால்தான் பேராயர் சொல்லவில்லை, ஓமாலியும் சொல்லவில்லை. அதே எண்ணம்தான் பின்னர்க் காணிக்கைத் தட்டிலும் பணத்தை மறைத்து வைத்தது. பேராயர், முதியவர், இளையவர் மூவரும் ஓர் அறையில் அமர்ந்து நேருக்கு நேர் பேசும் காட்சி ஒன்று இப்படத்தில் இல்லை. அக்காட்சி இருந்திருந்தால் படத்தில் பாதி தேவைப்பட்டிராது. அக்காட்சியை நடத்தத் துணிவின்மையே இப்படத்தின் உண்மையான உணர்ச்சிப் பெருக்கு. கண்ணீரில் குறையில்லை, கண்ணீரைக் கொண்டு உண்மைக்குத் திரையிட்டதே குறை.

7. நம் குருமனைகளில்

இவ்வினா நமக்கு அயலானதன்று. நம் ஆயர்கள் பணிக்காலம் முழுவதும் சபைக்குச் சொந்தமான குருமனையில் வாழ்கின்றனர். ஓய்வு பெறும் நாளில் பணியோடு வீட்டையும் விட வேண்டும். சொந்த வீடில்லாதோர் நம்மிடையே பலர். கத்தோலிக்கக் குருவானவர் தனியே மழையில் நடந்தார். நம் ஆயரோ மனைவியோடும் பிள்ளைகளோடும் நடக்க வேண்டியிருக்கிறது. பிரிவுபசாரக் கூட்டத்தில் பொன்னாடையும் புகழுரையும் உண்டு. அடுத்து வருகிறவர் யார், சேகரத்தின் கணக்கு எந்நிலையில் உள்ளது, தொடங்கிய பணிகளுள் எவை நிறைவேறவில்லை என்பனபற்றி இருவரும் அமர்ந்து பேச ஒரு மாலைப்பொழுது உண்டா?

புதிதாக வரும் ஆயரோ ஓமாலியைப்போலத் திறமையும் பாடலும் இளமையும் உடையவர். வந்த மூன்றாம் மாதமே இளைஞர் கூட்டம் நிரம்புகிறது. “முன்பு இருந்தவர் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை” என்று யாரோ சொல்கின்றனர். அவர் அதை மறுப்பதில்லை. அவ்வாறு மறுக்காதிருப்பது ஒரு சிறு செயல். ஆனால் அவர் நிற்கும் தரையை முன்னவரே தம் நாற்பது ஆண்டுகளைக் கொட்டி நிரவினார் என்பதை அவர் அறியாதிருக்கலாகாது.

ஓமாலியிடம் நாம் கற்க வேண்டியவையும் உண்டு. அதிகாரம் தம் கையில் இருந்தும் அதைக் காட்டாமல், உதவியாளரின் இடத்திலேயே அவர் அமர்கிறார். அடிமையின் ரூபமெடுத்தவரைப் பற்றிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதன் நிழல் அதில் உண்டு. புகழ் தமக்கு வரும் வேளையில் விடைபெறாமல் விலகிச் செல்வதில், யோர்தான் கரையில் தம் சீடரைப் பின்வந்தவரிடம் விட்டுக்கொடுத்த ஸ்நானகனின் சாயலும் உண்டு. எபேசியருக்கு எழுதிய நிருபம் அன்போடு சேர்த்துக் கேட்கும் உண்மை மட்டும் அவரிடம் குறைவுபட்டது. உண்மையின்றி வரும் அன்பு முதியவரைக் குழந்தையாக்கிவிடுகிறது. அன்பின்றி வரும் உண்மை அவரை மழையில் நிறுத்திவிடுகிறது. இரண்டும் இணைந்த ஒப்படைப்பே அருட்பணிக்கு ஏற்றது.

ஆகவே இப்படத்தை நம் மாணவர்கள் காண வேண்டும் என்றே பரிந்துரைக்கிறோம். இசைக்காகவும் நடிப்புக்காகவும் காண்க. சிரிக்க நேருமிடத்தில் தயங்காமல் சிரிக்க. கண்ணீர் வந்தால் அதைத் துடைத்துக்கொள்ள விரைய வேண்டாம். ஆனால் கண்டு முடித்தபின், ‘ஓமாலியைப்போல் ஆவது எப்படி’ என்று கேட்பதற்குமுன், ‘நான் போகும் சபையில் ஃபிட்ஸ்கிப்பன் யார், அவரிடம் நான் எதை மறைக்கிறேன்’ என்று கேட்க.

அன்றிரவு கூட்டம் கலைந்தபின், அண்மையில் பட்டமளிக்கப்பட்ட இளம் ஆயர் ஒருவர் முதியவருடன் பேருந்து நிறுத்தம்வரை நடந்து சென்றார். வழியில் என்ன பேசினர் என்பதை நாம் கேட்கவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது என்றும், இருவரும் அங்கேயே அமர்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தனர் என்றும் மறுநாள் அறிந்தோம்.